நான்காம் பரிமாண ரூபிக் கியூப்: தொடக்கநிலையினருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ரூபிக் கியூபைச் சேர்க்கத் தெரிந்த பிள்ளைகள் இன்று எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். எங்கள் மல்லாங்கிணறும் அதற்கு விலக்கல்ல. “அடுத்து என்ன?” என்று அவர்கள் கேட்டால் இன்னும் பெரிய கியூபை வாங்கித் தருகிறோம். பைசா செலவில்லாத, அதைவிட ஆழமான ஒரு பாதை இருக்கிறது: நான்கு பரிமாணங்கள் கொண்ட கியூப். பெயரைக் கேட்டதும் பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். தேவையே இல்லை. நான்காம் பரிமாணத்தைக் கண்ணால் காணும் வரம் யாருக்கும் கிடையாது, இந்தப் புதிரை அவிழ்த்தவர்களுக்கும் கிடையாது. எந்தத் துண்டு எங்கே போக வேண்டும் என்று கணக்கு வைக்கத் தெரிந்தால் போதும்.

தொடங்கும் முன் வேண்டியவை

சாதாரண 3×3×3 கியூபை ஏதாவது ஒரு முறையில் சேர்க்கத் தெரிந்திருக்க வேண்டும். ஜாவா ஓடும் கணினி ஒன்று வேண்டும். 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் திட்டத்தில் கிடைத்த பழைய மடிக்கணினி வீட்டில் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு நோட்டும் பேனாவும் கட்டாயம்.

மென்பொருளின் பெயர் ‘மேஜிக் கியூப் 4டி’. டான் ஹாட்ச், மெலிண்டா கிரீன் உள்ளிட்டோர் உருவாக்கியது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

திரையில் தெரிவது என்ன?

சிவகாசி அச்சகங்களிலிருந்து வரும் பட்டாசுப் பெட்டி அட்டையை நம் பகுதியில் பார்க்காதவர்கள் இல்லை. டை கட்டிங் முடிந்து, பசை ஒட்டுவதற்கு முன் அது தட்டையாகக் கிடக்கும். பெட்டியின் ஆறு பக்கங்களும் ஒரே தளத்தில் விரிந்திருக்கும். விரிப்பில் தள்ளித் தள்ளி நிற்கும் இரண்டு விளிம்புகள், மடித்ததும் ஒன்றாகச் சேர்ந்துவிடும்.

நான்கு பரிமாணக் கியூபும் இப்படித்தான். அதன் ‘பக்கங்கள்’ சதுரங்கள் அல்ல, கனசதுரங்கள். மொத்தம் எட்டு. அவற்றை இங்கே ‘அறை’ என்று அழைப்போம். நடுவில் ஓர் அறை, அதைச் சுற்றி ஆறு அறைகள் என ஏழு திரையில் தெரியும். எட்டாவது மறைந்திருக்கும். கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு ஓர் அறையைச் சொடுக்கினால் அது நடுவுக்கு வரும். அப்படித் திருப்பித் திருப்பி எட்டையும் பார்க்கலாம்.

திரையில் விலகி நிற்கும் ஸ்டிக்கர்கள் ஒரே துண்டைச் சேர்ந்தவையாக இருக்கலாம். ஒரு துண்டின் எல்லா ஸ்டிக்கர்களையும் சேர்த்து ஒளிரச் செய்யும் வசதி மென்பொருளில் உண்டு. அதை இயக்கிவிட்டுத்தான் மேலே செல்ல வேண்டும்.

துண்டுகளின் கணக்கு

3×3×3×3 என்றால் 81 துண்டுகள். உள்ளே மறைந்திருக்கும் ஒன்றை விட்டால் 80.

- ஒருநிறத் துண்டுகள் 8: ஒவ்வோர் அறையின் நடுவிலும் ஒன்று. இடம் மாறாது; அறையின் நிறத்தைச் சொல்லும்.
- இருநிறத் துண்டுகள் 24
- முந்நிறத் துண்டுகள் 32
- நான்குநிறத் துண்டுகள் 16

ஸ்டிக்கர்கள் மொத்தம் 216. சாதாரணக் கியூபின் நிலைகளை எண்ணினால் 20 இலக்க எண் வரும். இதற்கு 121 இலக்க எண் வரும். அந்த எண்ணைக் கண்டு மலைக்க வேண்டாம். நாம் அவிழ்க்கப்போவது மூன்று வகைத் துண்டுகளை, ஒரு நேரத்தில் ஒரு வகையை.

திருப்பும் முறை

ஒரு ஸ்டிக்கரை இடப்பக்கப் பொத்தானால் சொடுக்கினால் அந்த அறை அதைச் சுற்றி ஒரு திசையில் திரும்பும். வலப்பக்கப் பொத்தான் எதிர்த்திசை. இருநிறத் துண்டின் ஸ்டிக்கரைத் தொட்டால் 90 பாகை, முந்நிறம் என்றால் 180, நான்குநிறம் என்றால் 120.

சாதாரணக் கியூபின் பக்கம் ஒரே அச்சில்தான் சுழலும். இங்கே ஓர் அறை எந்தப் பக்கமும் உருளும். ஆரம்பத்தில் குழப்புவது இந்தச் சுதந்திரம்தான். பின்னால் நமக்குக் கைகொடுக்கப்போவதும் இதுதான்.

ஒரே ஒரு திருப்பல் மட்டும் கலைத்து, அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யுங்கள். பிறகு இரண்டு, பிறகு மூன்று. கண் பழகிய பின் முழுதாகக் கலைக்கலாம்.

படி 1: இருநிறத் துண்டுகள்

மற்ற துண்டுகள் எப்படிக் கிடந்தாலும் இப்போது கவலையில்லை. பாதிக்கு மேல் சூத்திரமே இல்லாமல் யோசித்துச் சேர்த்துவிடலாம். மீதிக்கு ஒரு நான்கடி உத்தி போதும்.

அடுத்தடுத்த இரண்டு அறைகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் பொதுவான இருநிறத் துண்டு ஒன்றே ஒன்று. அந்தத் துண்டை நகர்த்தும்படி முதல் அறையை 90 பாகை திருப்புங்கள். இரண்டாம் அறையையும் அவ்வாறே திருப்புங்கள். பிறகு முதலாவதை எதிர்த்திசையில், இரண்டாவதை எதிர்த்திசையில். முடிவில் இருநிறத் துண்டுகளில் சரியாக மூன்று மட்டும் இடம் மாறியிருக்கும். பொதுத் துண்டு ஒன்றாக இருப்பதே இதற்குக் காரணம்.

மாற்ற வேண்டிய மூன்றும் அந்த இடங்களில் இல்லையா? வேறு திருப்பல்களால் அங்கே கொண்டுவாருங்கள், உத்தியைச் செய்யுங்கள், கொண்டுவந்த திருப்பல்களைப் பின்னிருந்து முன்னாக அவிழுங்கள். கொண்டுவருதல், மாற்றுதல், அவிழ்த்தல் என்ற இந்த மூன்றும்தான் புதிர் முழுமைக்கும் அடிப்படை. கொண்டுவந்த திருப்பல்களைத் தவறாமல் நோட்டில் எழுதுங்கள்.

படி 2: பழைய சூத்திரத்தைப் புதிய அறைக்குள் கொண்டுபோவது

உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த சூத்திரங்களை ஓர் அறைக்குள் அப்படியே செய்யலாம். ஓர் அறையை ‘பணியறை’ என்று வைத்து நடுவுக்குக் கொண்டுவாருங்கள். அதை ஒட்டிய ஓர் அறை ‘உதவியறை’. விதிகள் மூன்று.

1. உதவியறையை, பணியறையை நோக்கிய அதன் நடு ஸ்டிக்கரைத் தொட்டே திருப்ப வேண்டும். அது மறைந்திருந்தால் நேர் எதிர்ப்புற ஸ்டிக்கரைத் தொடலாம். திசை மட்டும் தலைகீழாகும். இது பணியறையின் ஒரு பக்கத்தைத் திருப்புவதற்குச் சமம்.
2. வேறு பக்கத்தைத் திருப்ப வேண்டுமானால் பணியறை முழுவதையும் உருட்டி, அந்தப் பக்கத்தை உதவியறைக்கு நேராகக் கொண்டுவர வேண்டும். உதவியறையை மாற்றக் கூடாது.
3. சூத்திரத்தின் திருப்பல்களைக் கூட்டிப் பாருங்கள். கடிகாரத் திசைக்கு +1, எதிர்த்திசைக்கு −1, அரைச்சுற்றுக்கு 2. கூட்டுத்தொகை பூஜ்யமாகவோ நான்கின் மடங்காகவோ இருக்க வேண்டும்.

மூன்றாம் விதி ஏன்? உதவியறை திரும்பும்போது பணியறைக்கு வெளியே உள்ள துண்டுகளும் சேர்ந்து திரும்புகின்றன. மொத்தத் திருப்பல் முழுச்சுற்றாக முடிந்தால் அவை பழைய இடத்துக்கே வந்துவிடும். மாற்றம் பணியறைக்குள் மட்டும் மிஞ்சும். கடைசியில் பணியறையை உருட்டிப் பழைய நிலைக்குக் கொண்டுவர மறக்காதீர்கள்.

படி 3: முந்நிறத் துண்டுகள்

பணியறைக்குள் இவை சாதாரணக் கியூபின் விளிம்புத் துண்டுகளைப் போலவே நடந்துகொள்ளும். மூன்று விளிம்புகளைச் சுழற்றும் சூத்திரம் பலருக்கும் மனப்பாடம் (ஆர் வலப்பக்கம், யூ மேற்பக்கம், எல் இடப்பக்கம்; பிரைம் என்றால் எதிர்த்திசை, 2 என்றால் அரைச்சுற்று): ஆர், யூ பிரைம், ஆர், யூ, ஆர், யூ, ஆர், யூ பிரைம், ஆர் பிரைம், யூ பிரைம், ஆர் 2. கூட்டினால் 4. ஆகவே செல்லும்.

சரியில்லாத மூன்று துண்டுகளைப் பணியறையின் ஒரே பக்கத்துக்குக் கொண்டுவந்து சுழற்றி, அவிழுங்கள். இருநிறத் துண்டுகள் கலையாது. இடம் சரியாகி நிறம் மட்டும் திரும்பி நின்றால், அதை வெளியே எடுத்து வேறு வழியாக மறுபடி உள்ளே கொண்டுவாருங்கள். ஒரே ஒரு துண்டில் மட்டும் மூன்று நிறங்களும் சுழன்று நிற்பது இங்கே சாத்தியம். ஆனால் இருநிறத் துண்டுகள் முழுக்கச் சரியான பின், இரண்டே இரண்டு முந்நிறத் துண்டுகள் இடம் மாறி நிற்கவே முடியாது. அப்படித் தெரிந்தால் எண்ணியதில் தவறு இருக்கிறது; நோட்டைப் பாருங்கள்.

படி 4: நான்குநிறத் துண்டுகள்

இவை பணியறையின் மூலைகள். சூத்திரம்: யூ, ஆர், யூ பிரைம், எல் பிரைம், யூ, ஆர் பிரைம், யூ பிரைம், எல். கூட்டுத்தொகை பூஜ்யம். மூன்று மூலைகள் மட்டும் சுழலும், வேறெதுவும் அசையாது. கொண்டுவருதல், மாற்றுதல், அவிழ்த்தல் என்ற அதே ஒழுங்கில் பதினாறையும் முடிக்கலாம்.

இந்த இரண்டு சூத்திரங்களையும் மேக்ரோவாகப் பதிவுசெய்துகொள்ளுங்கள். அடுத்த முறை எந்த இடத்தில் செய்ய வேண்டும் என்று ஸ்டிக்கர்களைக் குறித்துக் காட்டினால் மென்பொருளே செய்துவிடும். ஆனால் முதல் சில முறை கையாலேயே செய்யுங்கள். புரிதல் அப்போதுதான் வரும்.

முடித்த பின்

ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. கோப்பைச் சேமித்துவைத்து மறுநாள் தொடரலாம். கையில் பிடித்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு, மெலிண்டா கிரீன் காந்தங்கள் வைத்து வடிவமைத்த 2×2×2×2 புதிர் உண்டு. ஐந்து பரிமாணக் கியூபுக்கு ராய்ஸ் நெல்சனும் சார்லி நெவிலும் தனி மென்பொருள் எழுதியிருக்கிறார்கள். அதில் பத்து அறைகள், 243 துண்டுகள். அங்கேயும் வழி இதேதான்: துண்டுகளை வகை பிரி, குறைந்த நிறத்தில் தொடங்கு, கொண்டுவா, மாற்று, அவிழ்.

பள்ளிக் கணித ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இதை ஒரு மாணவருக்காவது காட்டுங்கள். கல்லூரியில் குலக் கோட்பாடு என்ற பெயரில் பலரை மிரட்டும் பாடத்தின் உயிர், ‘அ, ஆ, அ திருப்பி, ஆ திருப்பி’ என்ற நான்கடி உத்திக்குள் இருக்கிறது. அதைப் பத்தாம் வகுப்பிலேயே விரலால் உணர்ந்த பிள்ளை, பின்னாளில் அந்தப் பாடத்தைப் பார்த்துப் பயப்படாது.