வரைபடம் போடப் போகிறவர்களுக்கு

சென்னையின் ஏற்றத்தாழ்வை வரைபடமாக்கப் போகிறோம் என்று லேப்டாப்போடு வந்திருக்கிறீர்கள். நல்லது பிள்ளைகளே. வண்ணம் தீட்டும் முன் கொஞ்சம் கேளுங்கள்.

1. எது சென்னை என்று முதலில் முடிவு செய்யுங்கள். 2011-இல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426-ஆக விரிந்தது. 155 வார்டுகள் 200 ஆயின. அதே ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்போ பழைய எல்லையைத்தான் சென்னை மாவட்டம் என்றது. அம்பத்தூரும் சோழிங்கநல்லூரும் அதில் வேறு மாவட்டங்களில் கிடக்கின்றன. பழைய வார்டு எண்ணையும் புதிய வார்டு எண்ணையும் ஒட்டவைத்தால் மென்பொருள் முணுமுணுக்காது. தப்பான படத்தையும் அழகாகவே போட்டுத் தரும்.

2. எல்லைக்கு வெளியேயும் பாருங்கள். எனக்கு முக்கியமானது இதுதான். கூவம் ஆற்றங்கரையிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் பலவற்றைப் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கு அனுப்பினார்கள். அந்த அடுக்குமாடிகள் எழுந்தது மாநகராட்சிக்கு வெளியே, ஊராட்சி எல்லையில். உங்கள் படம் மாநகராட்சிக் கோட்டோடு நின்றுவிட்டால் என்ன தெரியும்? கூவம் கரை வார்டுகளில் வறுமை குறைந்ததாகத் தெரியும். யாருக்கும் கூலி உயரவில்லை. ஆட்கள் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள், அவ்வளவுதான். இப்படி ஒரு படத்தைக் காட்டிப் பாராட்டு வாங்குவது சுலபம்.

கோட்டுக்கு உள்ளேயும் கதை உண்டு. சோழிங்கநல்லூர் மண்டலத்தில் ஓஎம்ஆர் ஐடி கட்டடங்களும் இருக்கின்றன, மறுகுடியமர்த்தப்பட்டவர்கள் வாழும் கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் இருக்கின்றன. மண்டலச் சராசரி எடுத்தால் இரண்டு பக்கமும் இல்லாத ஒரு நடுத்தர ஊர் கிடைக்கும். முடிந்தவரை சின்ன அலகுக்கு இறங்குங்கள்.

3. அரசுப் பட்டியலில் இல்லாததால் குடிசைப்பகுதி இல்லை என்று ஆகாது. 1971 குடிசைப்பகுதிச் சட்டத்தின்படி சென்னையில் அறிவிக்கப்பட்டவை 1,202. 1985-இல் இன்னும் 17. அதற்குப் பிறகு நெடுங்காலம் அறிவிப்பே இல்லை. ஊர் மட்டும் வளர்ந்துகொண்டிருந்தது.

4. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வருமானக் கேள்வி கிடையாது. கூரை, கழிப்பறை, தண்ணீர், டூவீலர், டிவி என்று சுற்றிவளைத்துத்தான் ஊகிக்க வேண்டும். அதிலும் தண்ணீரில் கவனம். குழாய் இருப்பது வேறு, அதில் தண்ணீர் வருவது வேறு; 2019 கோடையில் குழாய் இருந்த வீடுகளும் லாரிக்குக் காத்திருந்தன. எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும், யார் குடம் தூக்குகிறார்கள் என்று நேரில் போய்க் கேளுங்கள். சாதி என்று பார்த்தால், 2011 கணக்கெடுப்பில் பட்டியல் சாதி, பழங்குடி எண்ணிக்கை மட்டும் வார்டு வாரியாக உண்டு. அதையும் விட்டுவிட்டுச் ‘சமூக’ ஏற்றத்தாழ்வு என்று தலைப்புப் போடாதீர்கள்.

5. வார்டுகளை ஐந்து சம பங்காகப் பிரித்தால், ஊரே செழித்தாலும் ஐந்தில் ஒரு பங்கு அடர்நிறமாகத்தான் இருக்கும். எங்கே வெட்டினீர்கள் என்பதைப் படத்திலேயே எழுதுங்கள்.

6. லண்டனுக்கு 1889-இல் சார்லஸ் பூத் தெருவாரியாக வறுமைப் படம் போட்டார். பெரும் உழைப்பு, சந்தேகமில்லை. ஆனால் கறுப்பு பூசிய தெருக்காரர்களைப் பாதிக் குற்றவாளிகள் என்று குறிப்பிலேயே எழுதிவைத்தார். கண்ணகி நகர் முகவரியைச் சொன்னாலே வேலை கிடைப்பதில்லை என்று அங்கிருப்பவர்கள் இன்றும் சொல்கிறார்கள். அந்தப் பெயர்மீது சிவப்பு அடிப்பதற்கு முன், என்ன இல்லை என்பதைத் தலைப்பில் சொல்லுங்கள்: பள்ளியா, பேருந்தா, ஆஸ்பத்திரியா.

7. முதல் படத்தைப் பெரிய தாளில் அச்சடித்து, நீங்கள் வரைந்த பகுதிகளுக்கே கொண்டுபோங்கள். கறுப்பு வெள்ளை போதும். பேனாவை அங்கே வாழ்பவர்களிடம் கொடுத்துவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள்.