வக்கீல் வைக்க வசதி இல்லாதவருக்கு நீதி கிடையாதா?



குழுக் கூட்டங்களுக்கு நாங்கள் போகும்போதெல்லாம் கேட்கிற பேச்சு இது: "கேஸ் போடலாம்தான் மேடம், வக்கீல் பீஸுக்கு எங்கே போறது?" அயர்லாந்து நாட்டில் ஒரு பெண்ணுக்கும் இதே கஷ்டம் வந்தது. அவர் தன் அரசாங்கத்தின் மேலேயே வழக்குப் போட்டு ஜெயித்தார்.

அவர் பெயர் ஜோசி எய்ரி. கார்க் நகரில் கடையில் வேலை பார்த்தவர். நான்கு பிள்ளைகள். அவரை அடித்ததற்காகக் கணவருக்கு 1972-ல் கோர்ட்டு அபராதம் போட்டது. அப்போது அந்த நாட்டில் விவாகரத்தே கிடையாது. சட்டப்படி பிரிந்து வாழ உயர் நீதிமன்றம்தான் போக வேண்டும். செலவு 500 முதல் 1,200 பவுண்டு வரை ஆகும். 1978 கடைசியில்கூட அவருடைய வாரச் சம்பளம் சுமார் 40 பவுண்டுதான். குடும்ப வழக்குக்கு அரசின் இலவச சட்ட உதவி இல்லை. கேஸை எடுத்து நடத்த வக்கீலும் கிடைக்கவில்லை.

அவருடைய வழக்கு நடந்த படிகளைப் பார்ப்போம்:

1. 1973 ஜூன்: ஐரோப்பிய மனித உரிமை ஆணையத்துக்கு மனு அனுப்பினார்.

2. 1977 ஜூலை: மனு விசாரணைக்கு ஏற்றது என்று ஆணையம் முடிவு செய்தது. ஆணையமே அவருக்குச் சட்ட உதவி கொடுத்தது. பின்னாளில் அயர்லாந்தின் ஜனாதிபதியான மேரி ராபின்சன்தான் அவருக்காக வாதாடினார்.

3. 1978: ஆணையம் அறிக்கை கொடுத்தது. வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனது.

4. 1979 அக்டோபர் 9: தீர்ப்பு வந்தது.

"வக்கீல் கட்டாயம் இல்லையே, அவரே வந்து வாதாடலாமே" என்றது அரசு. நீதிபதிகள் ஒரு கணக்கைப் பார்த்தார்கள். 1972 முதல் 1978 வரை இப்படிப் பிரிவு கேட்டவை 255 வழக்குகள். வக்கீல் இல்லாமல் வந்தவர் ஒருவர்கூட இல்லை! உரிமை ஏட்டில் இருந்தால் போதாது, கைக்குக் கிடைக்க வேண்டும் என்று தீர்ப்பானது. 1980-ல் அயர்லாந்தில் சிவில் வழக்குகளுக்கும் சட்ட உதவித் திட்டம் வந்தது.

அந்த ஆணையம் இப்போது இல்லை. ஐரோப்பாவில் உள்ளவர்கள் நேரே நீதிமன்றத்துக்கே எழுதலாம். கட்டணம் கிடையாது. ஆனால் முதலில் சொந்த நாட்டுக் கோர்ட்டுகளில் முயற்சி செய்திருக்க வேண்டும். கடைசித் தீர்ப்பு வந்த நான்கு மாதத்துக்குள் மனுவை அனுப்ப வேண்டும்.

சரி, நமக்கு? அந்த நீதிமன்றம் நமக்கு இல்லை. ஆனால் ஜோசி போராடிக் கேட்டது நம் சட்டத்திலேயே இருக்கிறது. 1987-ம் வருட சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 12-வது பிரிவு: பெண் என்றாலே இலவச சட்ட உதவி உண்டு. வருமானம் பார்க்க மாட்டார்கள். தாலுகா கோர்ட்டில் உள்ள சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுங்கள், அல்லது 15100-க்கு போன் செய்யுங்கள்.

குழுவில் பேசுவோம்:
* காசில்லை என்று கோர்ட்டுக்குப் போகாமல் விட்டவர் நம் ஊரில் யாராவது உண்டா?
* அவரோடு துணைக்குப் போக நம்மில் யார் தயார்?