மாத்திரையைப் பக்கத்திலேயே வாங்கலாமா?

கேள்வி: பத்து வருடமாக மாவட்டத் தலைமை மருத்துவமனையின் எச்.ஐ.வி. சிகிச்சை (ஏ.ஆர்.டி.) மையத்தில் கூட்டு மருந்து வாங்கிச் சாப்பிடுகிறேன். ஒவ்வொரு மாதமும் ஒரு நாள் தையல் வேலைக்கு லீவு போட வேண்டும். அன்றைய கூலி போய்விடும், பஸ் செலவு வேறு. இப்போது எங்கள் தாலுகா ஆஸ்பத்திரியிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்கிறார்கள். ஆனால் அங்கே வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேர் எங்கள் ஊர்க்காரர்கள். போன மாதம் ஒருவர் படிவத்தோடு வந்து, "சேவை திருப்தியா?" என்று கேட்டார். "ரொம்பத் திருப்தி" என்று சொல்லிவிட்டேன். அது உண்மைதானா என்று எனக்கே தெரியவில்லை. நான் மாறலாமா?
– பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: சகோதரி, தூரத்தை மட்டும் வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். 2004 ஏப்ரலில் அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியபோது, நாடு முழுவதற்கும் எட்டு மருத்துவமனைகள்தான். தாம்பரம் சானடோரியம் அவற்றில் ஒன்று. அன்று ராத்திரி ரயிலேறி வந்து வரிசையில் நின்றவர்களுக்காகத்தான் பிறகு மாவட்ட மையங்களும், தாலுகா அளவில் இணைப்பு மையங்களும் வந்தன. நல்ல நோக்கம்தான். ஆனாலும் அருகில் இருப்பது எல்லோருக்கும் நிம்மதி தராது. தெரிந்த முகம் பார்த்துவிடுமோ என்ற உங்கள் பயம் நியாயமானது. அதற்காக யாரும் உங்களைக் கடிந்துகொள்ளக் கூடாது.

தூரத்தைக் குறைக்க மற்ற நாடுகளும் வழி தேடின. மொசாம்பிக் நாட்டின் தேத்தே மாகாணத்தில் 2008-ல் ஒரு முறையைத் தொடங்கினார்கள். ஆறு பேர் வரை ஒரு குழு. மாதம் ஒருவர் முறை வைத்து மருத்துவமனைக்குப் போவார். தன் உடம்பையும் காட்டிக்கொண்டு, மற்றவர்களின் மாத்திரைகளையும் வாங்கி வருவார். நெடுந்தூரம் அலைந்த மக்களுக்கு அது பெரிய ஆறுதல். தென்னாப்பிரிக்காவின் கயலிட்ஷாவில் முப்பது பேர் அளவிலான மருந்துக் குழுக்கள் 2007-லேயே வந்துவிட்டன. இரண்டிலும் விரும்பியவர்கள்தான் சேர்ந்தார்கள். தங்கள் நிலை குழுவினருக்குத் தெரியலாம் என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். மக்களை நாடி வரும் சிகிச்சையில் கிடைக்கும் திருப்திக்கு, இந்த ஒப்புதல்தான் முதல் காரணம் என்று நான் நம்புகிறேன். அது இல்லாமல் "இனி நீங்கள் அங்கே போங்கள்" என்று சீட்டு எழுதிக் கொடுத்தால், பஸ் காசு மிச்சமாகும், தூக்கம் போய்விடும்.

அதனால் முதலில் வேறொன்று கேளுங்கள். மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டு, வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) கட்டுப்பாட்டில் இருப்பவர்களுக்கு மூன்று மாத மருந்தை ஒரே தடவையில் கொடுக்கும் வழி உண்டு. உலக சுகாதார நிறுவனம் மூன்று முதல் ஆறு மாதம் வரை கொடுக்கலாம் என்கிறது. பழைய மையத்திலேயே அது கிடைத்துவிட்டால் வருடத்துக்கு நான்கு பயணம் போதும். உங்கள் சிக்கலில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடலாம்.

அப்படியும் தாலுகா ஆஸ்பத்திரிதான் வசதி என்று தோன்றினால், முடிவு சொல்வதற்கு முன் ஒருமுறை போய்ப் பாருங்கள். மருந்து எந்த அறையில் கொடுக்கிறார்கள்? வாசலில் என்ன பலகை இருக்கிறது? பெயரைச் சத்தமாகக் கூப்பிடுகிறார்களா? கொடுப்பவர் நம்பிக்கை மையத்து (எச்.ஐ.வி. பரிசோதனை, ஆலோசனை மையம்) ஆலோசகரா, மருந்தாளுநரா, உங்கள் தெருக்காரரா? உங்கள் அனுமதி இல்லாமல் உங்கள் நிலையை வெளியே சொல்வதை 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் தடை செய்கிறது. அது 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. இருபது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் மருத்துவமனையில் இதற்கென்று ஒரு புகார் அலுவலர் இருக்க வேண்டும். அவர் யார் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. 1097 என்ற கட்டணமில்லா எண்ணிலும் விவரம் கேட்கலாம்.

இனி அந்தப் படிவம். மருந்து கொடுக்கும் இடத்திலேயே நின்று "திருப்தியா?" என்று கேட்டால் யார்தான் இல்லை என்பார்கள்? இலவசமாகக் கொடுக்கிறார்களே, குறை சொன்னால் நாளைக்கு எப்படி நடத்துவார்களோ என்ற எண்ணம் நாக்கைக் கட்டிவிடும். நீங்கள் பொய் சொல்லவில்லை. கேள்விதான் சரியில்லை. எத்தனை மணி நேரம் காத்திருந்தீர்கள், கடைசி வைரல் லோடு எப்போது எடுத்தார்கள், அதன் முடிவை யாராவது விளக்கினார்களா, மாத்திரை குறைவாகக் கொடுத்து மறுபடி வரச் சொன்னார்களா என்றெல்லாம் கேட்டிருக்க வேண்டும். மையத்தைச் சேராத ஒருவர், முடிந்தால் எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களின் கூட்டமைப்பிலிருந்து வந்தவர், தனியாக உட்காரவைத்துக் கேட்க வேண்டும். பரிவாகப் பேசும் மையத்தில்கூட வைரல் லோடு பரிசோதனை விட்டுப்போகலாம். அங்கே நோயாளி திருப்தியாகத்தான் இருப்பார். மருந்து வேலை செய்யாமல் போயிருந்தாலும் அவருக்குத் தெரியாது. அடுத்த தடவை யாராவது படிவத்தோடு வந்தால், கேட்காவிட்டாலும் இவற்றைச் சொல்லுங்கள். உங்கள் கூலி போவதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மாறுவதென்று தீர்மானித்தால், கையில் பதினைந்து நாள் மாத்திரையாவது மிச்சம் இருக்கும்போதே புதிய இடத்துக்கு முதல் தடவை போங்கள். வருடாந்திர வைரல் லோடு பரிசோதனையை எங்கே எடுப்பார்கள் என்பதை அன்றைக்கே கேட்டு எழுதி வையுங்கள். பிடிக்காவிட்டால் பழைய மையத்துக்கே திரும்பி வரலாமா என்று, கிளம்புவதற்கு முன்பே அங்குள்ள ஆலோசகரிடம் பேசிவிடுங்கள்.