கார் மின் இருக்கை அசையவில்லையா? மோட்டார் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

மின் இருக்கை நின்றுபோனால் நேரே ஹாஃப்கட் (பழைய உதிரிபாக) கடைக்குப் போய் மோட்டார் விலை கேட்காதீர்கள். பெரும்பாலும் கெட்டிருப்பது மோட்டார் அல்ல, அதற்கு மின்சாரம் வரும் வழி. மலேசியாவின் பினாங்கு மாநிலத்திலுள்ள நம் பட்டர்வொர்த் கடற்கரை ஊர். உப்புக் காற்றில் பிளக் முனைகள் சீக்கிரம் பச்சை பிடிக்கும். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பட்டர்வொர்த் அடங்கிய செபராங் பிறையிலும் வெள்ளம் புகுந்தது. அதில் நனைந்த காரைப் பின்னாளில் ஒருவர் வாங்கியிருந்தால், கோளாறு இருக்கைக்கு அடியில்தான் இருக்கும் என்று சந்தேகப்படலாம்.

முதலில் காது, பிறகு கருவி

கதவைத் திறந்து வைத்து, உள்விளக்கைப் பார்த்தபடி சுவிட்சை அழுத்துங்கள். விளக்கு மங்கியும் இருக்கை அசையவில்லை என்றால், மின்சாரம் போய்ச் சேருகிறது, ஏதோ இறுகியிருக்கிறது. இருக்கை நகரும் தண்டவாளத்தில் சில்லறைக்காசு, குடை, பிள்ளைகளின் பொம்மை சிக்கியிருக்கிறதா பாருங்கள். மோட்டார் ஓடும் சத்தம் கேட்டும் நகராவிட்டால் பல்சக்கரமோ கேபிளோ போயிருக்கும். விளக்கும் மங்கவில்லை, சத்தமும் இல்லையா? மின்சாரம் வரவில்லை.

முன்னால் போகிறது, பின்னால் வரவில்லை என்றால் பெரும்பாலும் சுவிட்ச்தான். ஒரே மோட்டார்தான் இரு பக்கமும் ஓடுகிறது. சுவிட்ச் மின்னோட்டத்தின் திசையை மாற்றிவிடுகிறது, அவ்வளவே. ஒரு பக்கம் ஓடும் மோட்டாரை மாற்றுவது வீண் செலவு.

பியூஸ்

மின்சாரம் வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது பியூஸ். பல கார்களில் மின் இருக்கைக்கான பியூஸ் 30 ஆம்பியர். உங்கள் காருக்குரிய அளவைக் கையேட்டில் பாருங்கள். எரிந்திருந்தால் அதே அளவே போடுங்கள். பெரியது போட்டால் வயர் தீப்பிடிக்கலாம்.

இருக்கைக்கு அடியில்

சாவியை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, சில நிமிடம் பொறுங்கள். மஞ்சள் நிறப் பிளக் ஏர்பேக்குக்கு உரியது. அதைக் கழற்றவோ மீட்டர் வைக்கவோ கூடாது. மற்ற பிளக்குகளில் பச்சைப் பொடி தெரிந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்துக் காயவிடுங்கள். இருக்கையோடு சேர்ந்து மடங்கும் இடத்தில் வயர் அறுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

மீட்டர் வைத்துப் பார்ப்பது

பேட்டரியை மறுபடி இணைத்து, மீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். சுவிட்சுக்கு வரும் மின்வயருக்கும் காரின் உலோகத்துக்கும் இடையே சுமார் 12 வோல்ட் காட்ட வேண்டும். சுவிட்சை அழுத்தும்போதும் அது பெரிதாக இறங்கக் கூடாது. அழுத்தியதும் எட்டுக்கு விழுந்தால் எங்கோ இணைப்பு பலவீனம். இந்தச் சோதனையை விட்டுவிட்டுத்தான் பலர் ஏமாறுகிறார்கள். எர்த் வயருக்கும் உலோகத்துக்கும் இடையே, அழுத்தியபடி, 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தைச் சுத்தம் செய்யுங்கள்.

மோட்டாரின் இரண்டு தடித்த வயர்களுக்கு இடையே 12 வோல்ட் வந்தும், எதுவும் இறுகாமலிருந்தும் அது ஓடவில்லையா? அப்போதுதான் மோட்டாரைக் குற்றம் சொல்லலாம். நினைவுப் பொத்தான் உள்ள இருக்கையில் கணினி இருக்கும். அதற்கு ஸ்கேனர் உள்ள வயர்மேனிடம் போங்கள்.

பழைய மோட்டார் வாங்கினால், பாக எண்ணும் பிளக்கின் முனைகளும் பொருந்துகின்றனவா பாருங்கள். பேட்டரியில் இணைத்து இரு திசையிலும் ஓட்டிக்காட்டச் சொல்லி, பிறகு பணம் கொடுங்கள்.