தலைக்குக் கரண்ட் வைக்கிறது என்றால் என்ன?



நம்ம பகுதியில் "மருந்து" என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஆஸ்பத்திரியில் கொடுப்பது ஒன்று, பட்டாசுக் குழாயில் செலுத்துவது இன்னொன்று. எந்த மருந்து என்று யாரும் கேட்பதில்லை. இடத்தை வைத்தே நமக்குப் புரிந்துவிடும். "கரண்ட் வைக்கிறது" என்ற சொல்லுக்கும் அதே மாதிரி இரண்டு அர்த்தம் ஆகிப்போச்சு. ஆனால் இது புரியாமல் நம்ம கூட்டமைப்புக் குடும்பம் ஒன்று 19 நாளை வீணாக்கிவிட்டது. அதைத்தான் இந்த மாதப் பாடமாக எழுதுகிறேன். அந்த உறுப்பினரின் பெயரையும் ஊரையும் போடவில்லை. அவர் வீட்டுக்காரர், "எழுதுங்க மேடம், நாலு பேருக்குத் தெரியட்டும்" என்று சொன்ன பிறகே எழுதுகிறேன்.

அவருக்கு 44 வயது. நான்கு வருடத்துக்கு முன் மார்பில் புற்றுநோய் வந்து ஆபரேஷன், ஊசி எல்லாம் முடித்து, திரும்பவும் பட்டாசு பேக்கிங் வேலைக்கே போய்க்கொண்டிருந்தார். காலையில் எழுந்திருக்கும்போது தலைவலி வரும். வேலையில் உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் குறைந்துவிடும். இரண்டு மூன்று நாள் வாந்தி எடுத்தார். பித்தம் என்று சுக்குக் காபி போட்டுக் குடித்தார். பிறகு வலது கை பாக்கெட்டை நழுவவிட ஆரம்பித்தது. வாரக் கூட்டத்தில் தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடும்போது பேனா கோடாக இழுத்துக்கொண்டு போய்விட்டது. முந்தின வாரக் கையெழுத்தையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே ஆள் போட்டது என்று சொல்லமாட்டீர்கள். அதை முதலில் கவனித்தது அவர் குழுவின் ஊக்குநர்தான். "மதினி, கைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டதற்கு, "தூக்கமில்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வாரம் ராத்திரி வலிப்பு வந்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் மூளையில் பல இடத்தில் சின்னச் சின்னக் கட்டிகள். டாக்டர் அவசரத்தில், "தலைக்குக் கரண்ட் வைக்கணும்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். மாமியாருக்குப் பொறுக்கவில்லை. "என் மருமக என்ன பைத்தியமா, மண்டையில ஷாக் வைக்கிறதுக்கு?" என்று கையோடு வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார். அதற்குப் பிறகு கோடாங்கி, திருநீறு, எலுமிச்சம்பழம் என்று நாள் போனது. அந்த அம்மாவை நான் குறை சொல்லமாட்டேன். ஷாக் என்று நினைத்தால் பெற்ற தாயும் அதைத்தானே செய்வாள்?

மார்பில் வந்தது தலைக்கு ஏன் போனது?

புற்றுநோய் செல்கள் சில நேரம் ரத்தத்தோடு ஓடி வேறு இடத்தில் போய்த் தங்கும். எலும்பு, கல்லீரல், நுரையீரல், மூளை, எங்கே வேண்டுமானாலும் தங்கலாம். மூளைக்குப் போவது அதிகமும் நுரையீரல் புற்றுநோயும் மார்பகப் புற்றுநோயும்தான். சிறுநீரகத்தில் வருவதும், தோலில் வரும் ஒரு வகையும் போகும். மூளைக்குப் போனாலும் அது மார்பகப் புற்றுநோய்தான், புதிதாக இன்னொரு நோய் வந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. சிகிச்சை முடிந்து பல வருடம் கழித்தும் இப்படி வரலாம்.

தலைவலி வந்த எல்லோரும் பயப்பட வேண்டாம். வெயிலில் வேலை, பட்டினி, கண் கோளாறு என்று நமக்குத் தலைவலி வர ஆயிரம் காரணம் இருக்கிறது. ஆனால் ஏற்கெனவே புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்தவர் வீட்டில் இருந்தால் அவரைக் கவனியுங்கள். காலையில் தலைவலி, கூடவே வாந்தி, ஒரு பக்கம் கை கால் பலம் குறைவது, நடை தள்ளாடுவது, பார்வை இரண்டாகத் தெரிவது, பேச்சுக் குழறுவது, குணம் மாறுவது, வலிப்பு. இதில் எது புதிதாக வந்தாலும் பழைய பைலை எடுத்துக்கொண்டு, முன்பு வைத்தியம் பார்த்த இடத்துக்கே போங்கள். புதிய டாக்டரிடம் போனால், "முன்னாடி கேன்சர் இருந்தது" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். நம்ம ஆட்கள் அதை மறைத்துவிட்டுத் தலைவலிக்கு மட்டும் ஊசி கேட்கிறார்கள்.

இது ஷாக் இல்லை

மனநோய்க்கு வைக்கிற ஷாக் சிகிச்சை வேறு. அதுவும் சினிமாவில் காட்டுகிற மாதிரி இல்லை என்பதை இன்னொரு மாதம் பேசலாம். புற்றுநோய்க்குக் கரண்ட் என்று நாம் சொல்வது கதிர்வீச்சு. எக்ஸ்ரே எடுக்கிறோம் இல்லையா, அந்த ஜாதிதான், ஆனால் பல மடங்கு வலுவானது. கரண்ட் இயந்திரத்துக்குள் போகிறது, நம்ம உடம்புக்குள் ஒரு சொட்டுக் கரண்ட்கூட வராது. கோபால்ட் இயந்திரம் என்று ஒரு வகை உண்டு. அதில் கதிர் கரண்டில் இருந்து வருவதே இல்லை, உள்ளே இருக்கும் கோபால்ட் உலோகமே கதிரை வெளியே விடுகிறது.

சிகிச்சைக்கு முன் முகத்துக்கு ஒரு வலை மாதிரி மாஸ்க் செய்வார்கள். பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் போட்டு இளக்கி முகத்தின் மேல் வைத்து அழுத்துவார்கள். வெதுவெதுப்பாக இருக்கும். இறுகியதும் அவரவர் முகத்துக்கு அச்சு ஆகிவிடும். மூச்சு விட ஓட்டைகள் உண்டு. தலை அசையக் கூடாது என்பதற்குத்தான் இது. தினமும் அதைப் போட்டு மேசையில் படுக்க வைத்து, எல்லோரும் வெளியே போய்விடுவார்கள். நம்ம உறுப்பினர் பயந்தது அந்தத் தனிமைக்குத்தான். உள்ளே இருப்பவரை வெளியில் டிவியில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். கையை உயர்த்தினால் நிறுத்திவிட்டு வருவார்கள். எல்லாம் சேர்த்துக் கால் மணி நேரம். வலி இல்லை, சூடு இல்லை. வெளியே வந்தபின் உடம்பில் கதிர் தங்காது. பேரப்பிள்ளையைத் தூக்கலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம்.

இது நம்ம மாநிலத்துக்குப் புதுசும் இல்லை. சென்னை மாகாணச் சட்டசபையில் உட்கார்ந்த முதல் பெண் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கையை 1923ல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்த வேதனையில் இருந்துதான் 1954ல் சென்னை அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். தொடங்கும்போது 12 படுக்கைதான். அங்கே 1950களிலேயே கோபால்ட் இயந்திரம் வந்துவிட்டது. 1955ல் சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021 ஜனவரியில் இறக்கும் வரை அந்த ஆஸ்பத்திரியிலேயே வாழ்ந்தார்.

எவ்வளவு நாள், என்ன பலன்?

கட்டி பல இடத்தில் இருந்தால் முழு மூளைக்கும் கதிர் வைப்பார்கள். வழக்கமான அளவு 30 கிரே, 10 நாளாகப் பிரித்து. சனி ஞாயிறு விடுமுறை என்பதால் இரண்டு வாரம். உடம்பு பலவீனமாக இருந்தால் 20 கிரே, 5 நாள். ஒன்றிரண்டு சின்னக் கட்டி மட்டும் என்றால் அந்த இடத்தை மட்டும் குறிவைத்து ஒரே நாளிலோ சில நாளிலோ முடிக்கும் முறையும் இருக்கிறது. அதில் ஞாபகசக்தி அதிகம் பாதிக்காது. ஒரே கட்டி என்றால் சிலருக்கு ஆபரேஷன் செய்வார்கள். நுரையீரல் புற்றுநோயில் சில வகைக்கு மாத்திரையே மூளை வரை போய் வேலை செய்கிறது. ஆகவே எல்லோருக்கும் ஒரே வைத்தியம் இல்லை.

இனி எழுதுவதைக் கொஞ்சம் மனதைத் திடப்படுத்திக்கொண்டு படியுங்கள். மூளைக்குப் பரவிய புற்றுநோயை இந்தச் சிகிச்சை பெரும்பாலும் முழுசாகக் குணமாக்காது. தலைவலி, வலிப்பு, கை கால் பலவீனத்தைக் குறைக்கும், கொஞ்சக் காலம் கொடுக்கும். அந்தக் காலம் சிலருக்கு மாதக்கணக்கு, சிலருக்கு வருடக்கணக்கு. சிலருக்கு இதனால் பலனே இல்லாமலும் போகலாம். இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் நுரையீரல் புற்றுநோய் மூளைக்குப் பரவிய 538 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2016ல் வெளியிட்டார்கள். ஆபரேஷனோ குறிவைத்த கதிரோ செய்ய முடியாத நிலையில் இருந்தவர்கள் அவர்கள். பாதிப் பேருக்கு மாத்திரையும் கவனிப்பும், மீதிப் பேருக்கு அதோடு முழு மூளைக்கும் கதிர். இரு பக்கமும் வாழ்ந்த காலத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, சுமார் இரண்டு மாதம்தான்.

அதனால் வீட்டை அடகு வைக்கும் முன் டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இது குணமாக்கவா, கஷ்டத்தைக் குறைக்கவா? இவருக்கு எவ்வளவு பலன் எதிர்பார்க்கிறீர்கள்? செய்யாவிட்டால் என்ன ஆகும்? கேட்டால் கோபிப்பார்களோ என்று நினைக்காதீர்கள். கேட்க வேண்டியது நம்ம உரிமை. பக்கத்தில் நோயாளி இருந்தால் அவருக்கும் தெரிய வேண்டும். "அவகிட்ட சொல்லாதீங்க" என்று எல்லா வீட்டிலும் சொல்கிறார்கள். நம்ம உறுப்பினர் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே, "எல்லாரும் என்னத்த மறைக்கிறீங்க?" என்பதுதான்.

நான் அவர் மாமியாரை நேராகக் கதிர்வீச்சு பிரிவுக்குக் கூட்டிப்போய் ஒரு மாஸ்கைக் கையில் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். "இவ்வளவுதானா?" என்றார். பத்து நாளும் அவரேதான் துணைக்கு வந்தார். சிகிச்சை முடிந்து ஒரு மாதத்தில் தலைவலி விட்டது, கை முக்கால்வாசி திரும்பியது. எட்டு மாதம் இருந்தார். அதில் ஆறு மாதம் நல்ல மாதம். மகள் காலேஜில் சேர்ந்ததைப் பார்த்தார், குழுவில் ஆறு தடவை கையெழுத்துப் போட்டார். அந்த 19 நாள் போகாமல் இருந்திருந்தால் கூடுதலாக என்ன கிடைத்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அந்த 19 நாளும் அவர் வலியோடு இருந்தார் என்பது மட்டும் தெரியும்.

வீட்டில் கவனிப்பது

மூளை வீக்கம் குறைய டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பார்கள். சாப்பிட்ட பிறகு போட வேண்டும். பசி கூடும், முகம் ஊதும், சர்க்கரை ஏறும். "ஓவர் பவர்" என்று சொல்லி நாமாக நிறுத்தவே கூடாது, டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். வலிப்பு மாத்திரையும் அப்படியே.

இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்டும். பெரும்பாலும் பிறகு முளைக்கும். அசதி சிகிச்சை முடிந்த பிறகுதான் அதிகமாகத் தெரியும். அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டாதீர்கள். ஞாபகம் கொஞ்சம் மங்கலாம். சிகிச்சை நடக்கும்போது தலைக்கு எண்ணெய், சந்தனம், மஞ்சள் எதுவும் வேண்டாம், சாதாரணத் தண்ணீரில் மெதுவாகக் கழுவினால் போதும்.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, பக்கத்தில் உள்ள பொருட்களை அகற்றுங்கள். கையில் இரும்புச் சாவி திணிப்பதால் வலிப்பு நிற்காது. வாயில் எதையும் வைக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால் 108க்குப் போன் செய்யுங்கள். வலிப்பு வந்தவர் விறகடுப்பு, கிணற்றடி, வண்டி ஓட்டுவது, பட்டாசு மருந்து அறை எல்லாவற்றிலும் இருந்து விலகியிருக்க வேண்டும். கூலி போகுதே என்று மருந்து அறைக்கு அனுப்பினால் அவரோடு சேர்த்து அங்கே இருக்கும் எல்லோருக்கும் ஆபத்து.

எங்கே போவது, செலவு என்ன?

நமக்குப் பக்கம் மதுரை. அரசு ராஜாஜி மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவு பாலரெங்காபுரத்தில் தனியாக இருக்கிறது. பெரியாஸ்பத்திரிக்குள் போய்த் தேடி அலைய வேண்டாம். சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் உள்ளவர்கள் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரிக்கும் போகலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கதிர்வீச்சு அதில் வரும். குடும்ப வருமானம் வருடம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அட்டை இல்லாதவர்கள் ரேஷன் கார்டு, வி.ஏ.ஓ. வருமானச் சான்றோடு கலெக்டர் ஆபீசில் விசாரியுங்கள். ரயிலில் சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர் வகுப்பில் கட்டணம் இல்லை, துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம் சலுகை. ஆஸ்பத்திரியில் அதற்கான படிவம் வாங்க வேண்டும்.

பட்டாசு ஆலையில் இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யப்படுபவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் தொடர்ந்து வேலை பார்த்து, சந்தா முறையாகக் கட்டப்பட்டிருந்தால் புற்றுநோய்க்கு நீண்டகால நோய்ச் சலுகை உண்டு. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குக் கூலியில் 80 சதவீதம், அதிகபட்சம் இரண்டு வருடம் வரை. நம்ம உறுப்பினரின் சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்தது, ஆனால் அவரிடம் எண் இல்லை. அதைத் தேடவே மூன்று வாரம் ஆனது. அடுத்த கூட்டத்தில் ஒவ்வொருவரும் தங்கள் இ.எஸ்.ஐ. எண்ணையும் காப்பீட்டு அட்டை எண்ணையும் குழு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். எண் தெரியாதவர்கள் பெயரை மட்டும் எழுதி பக்கத்தில் இடம் விடுங்கள். நான் வரும்போது சேர்ந்து தேடலாம்.