தலைகீழாக மாட்டிய பூட்டு

மரச்சிற்பங்களுக்குப் பெயர்பெற்றது கள்ளக்குறிச்சி. 2021-இல் அச்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கே ஒரு புதுவீட்டில் தச்சர் கதவு மாட்டுவதாக வைத்துக்கொள்வோம். தேக்குக் கதவு; விலை உயர்ந்த சிலிண்டர் பூட்டு. வேலை முடிந்ததும் வீட்டுக்காரர் திடுக்கிடுகிறார். "சாவியின் பற்கள் கீழ்நோக்கி அல்லவா போகின்றன! பூட்டு தலைகீழாகிவிட்டதே! திருடன் எளிதில் திறந்துவிடுவானோ?"

அவர் பயம் சரியா? பூட்டின் உள்ளே பார்ப்போம்.

உறைக்குள் சுழலும் ஓர் உருளை. இரண்டையும் ஊடுருவி வரிசையாக ஐந்தாறு துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஒன்றன்மேல் ஒன்றாக இரு பித்தளை முளைகள். அவற்றைச் சாவித் துவாரத்தை நோக்கித் தள்ளும் சுருள்வில். இவ்வளவுதான் சிலிண்டர் பூட்டு. சாவி இல்லாதபோது முளைகள் குறுக்கே நின்று உருளையைத் தடுக்கின்றன. சரியான சாவியின் பற்கள், இரு முளைகளும் சந்திக்கும் இடத்தை உறையும் உருளையும் சந்திக்கும் கோட்டுக்குக் கொண்டுவருகின்றன. உருளை திரும்புகிறது.

பண்டைய எகிப்தின் மரப்பூட்டுகளிலும் முளைகள் உண்டு. ஆனால் அவை தம் எடையால் கீழே விழுந்து பூட்டின. அந்தப் பூட்டைத் தலைகீழாக மாட்டினால் பூட்டவே பூட்டாது! 1860-களில் அமெரிக்கரான லைனஸ் யேல் (மகன்) செம்மைப்படுத்திய பூட்டில், முளைகளைத் தள்ளும் வேலையைச் சுருள்வில் ஏற்றுக்கொண்டது.

அப்படியானால் புவியீர்ப்புக்கு இங்கே வேலை உண்டா? கணக்கிட்டுப் பாருங்கள். 3 மில்லிமீட்டர் விட்டமும் 6 மில்லிமீட்டர் நீளமும் உள்ள பித்தளை முளையின் பருமன் சுமார் 0.042 கன சென்டிமீட்டர். பித்தளையின் அடர்த்தி சுமார் 8.5. ஆகவே முளையின் நிறை ஏறக்குறைய 0.36 கிராம். சுருள்வில்லின் அழுத்தம் இந்த எடையைவிடப் பல மடங்கு அதிகம்.

கள்ளச்சாவிக்காரன் நம்புவது எதை? துளைகள் ஒருபோதும் ஒரே நேர்கோட்டில் துல்லியமாக அமைவதில்லை. உருளையைச் சற்றே திருப்பினால் எல்லா முளைகளும் ஒன்றாக இறுகாமல் ஒன்றன்பின் ஒன்றாகவே இறுகுகின்றன. இந்தச் சிறு பிழைதான் அவனுக்கு வழிகாட்டி. பூட்டைத் தலைகீழாக மாட்டினாலும் இந்தப் பிழை கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. அவன் கையை வைக்கும் கோணம் மட்டுமே மாறும்.

ஆனால் பூட்டின் ஆயுளில் வேறுபாடு உண்டு. முளைகள் மேலே இருந்தால், சுருள்வில் தளர்ந்தாலும் எடையால் அவை கீழிறங்கும். கீழே இருந்தால் தூசி துளைகளுக்குள் சேரும். வில் தளர்ந்த முளை எழும்பாது. சரியான சாவியைப் போட்டாலும் பூட்டு திறக்காமல் போகலாம்.

உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. கல்வராயன் மலையில் மழைக்காலக் காற்றில் ஈரம் மிகுதி. ஈரத்தை உறிஞ்சும் மரம் இழைக்குக் குறுக்காகவே அதிகம் உப்பும். கதவு நிலையோடு உராயும்; பூட்டின் நாக்கு நிலையிலுள்ள குழியில் பாதிதான் நுழையும். பாதி நுழைந்த நாக்கு பூட்டியதுபோல் தோன்றும். அதைத் திறக்கச் சாவியும் வேண்டாம், சாமர்த்தியமும் வேண்டாம், நெம்பினால் போதும். கதவின் இருபுறமும் சாவி போடும் நீள்வடிவச் சிலிண்டர்களில் இன்னோர் ஆபத்தும் உண்டு. திருகாணி நுழையும் நடுப்பகுதி மெல்லியது. சிலிண்டர் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பற்றி ஒடித்துவிடலாம். ஆகவே அது கதவின் தகட்டோடு ஏறக்குறையச் சமமாக அமைய வேண்டும்.

செய்து பாருங்கள்: பெரியவர்களைக் கேட்டுக்கொண்டு, உங்கள் வீட்டுப் பூட்டின் நாக்கு நுனியில் சுண்ணக்கட்டி தடவுங்கள். கதவைச் சாத்திப் பூட்டித் திறந்து, நிலையில் வெள்ளைத் தடம் எங்கே விழுந்திருக்கிறதென்று பாருங்கள். தடம் குழியின் விளிம்பில் விழுந்தால் நாக்கு உராய்கிறது என்று பொருள். குழியை ஒரு குச்சியால் அளந்து, நாக்கு முழுதும் நுழைய ஆழம் போதுமா என்றும் பாருங்கள். மழைக்கு முன்னும் பின்னும் இவ்வாறு சோதித்துக் குறித்து வையுங்கள். குறை தெரிந்தால் தச்சரிடம் காட்டுங்கள். சாவி இறுகினால் சமையல் எண்ணெய் விடாதீர்கள். அது தூசியைப் பிடித்துவைக்கும். பென்சில் கரித்தூள் சிறிது போதும்.

வீட்டுக்காரர் இனிக் கவலைப்பட வேண்டியது சாவியின் பற்களைப் பற்றியல்ல. நாக்கு நுழையும் குழியைப் பற்றித்தான். பூட்டு எவ்வளவு உயர்ந்ததானாலும் அதைத் தாங்கும் மரமும் மாட்டும் கையும் சரியாக இருந்தால்தான் அது காவல்.