சில் மாதாவும் நம் கன்னியரும்

போயா தினத்துக்கு முந்திய நாள் பதுளை பஸ் நிலையத்தில் நிற்கும் வாசகர், தலை மழித்து, மஞ்சளோ காவியோ உடுத்து, கையில் குடையும் துணிப்பையுமாக நிற்கும் பெண் துறவிகளைக் கண்டிருப்பார்கள். சில வேளை அதே வரிசையில் முக்காடிட்ட நம் மடத்துச் சகோதரி ஒருவரும் நிற்பதுண்டு. தோட்டத்துப் பிள்ளை தாயின் சேலையை இழுத்து, "அவங்களும் சிஸ்டராம்மா?" என்று கேட்கும். "ஆமா, சிங்கள சிஸ்டர்" என்று ஒரு தாய் சொல்வாள்; "அது பன்சல அம்மா, நமக்கென்ன" என்று இன்னொருத்தி சொல்வாள். பிள்ளையின் கேள்வி நல்ல கேள்வி. அதற்கு ஒழுங்கான விடை சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். பௌத்தப் பெண் துறவிகள் எல்லோரும் ஒரே நிலையினர் அல்லர். பத்துச் சீலங்களை ஏற்று வாழ்பவர் தசசில் மாதா. (மாதா என்றதும் நமக்குத் தேவதாயின் நினைவே வரும், அங்கே தாய் என்ற மரியாதைப் பெயர், அவ்வளவுதான்.) உயிர்க்கொலை, களவு, பொய், மது, ஆண் பெண் உறவு ஆகியவற்றை விலக்குவதோடு, நண்பகலுக்குப் பின் உண்ணாமை, ஆடல் பாடல் நீக்கம், பூவும் வாசனையும் அணியாமை, உயர்ந்த படுக்கையில் படுக்காமை, பொன்னும் பணமும் ஏற்காமை என்பவையும் அச்சீலங்களில் அடங்கும். முழுத் துறவு பெற்ற பிக்குணியோ 311 விதிகளுக்கு உட்பட்டவர். பிக்குமாருக்கு 227 தான்.

பிக்குணி என்ற சொல் தமிழருக்குப் புதிதன்று. மணிமேகலையைப் பள்ளியில் படித்தவர் யாரும் அதை அறிவர்.

இலங்கைக்குப் பிக்குணிச் சங்கத்தைக் கொண்டு வந்தவர் அசோகச் சக்கரவர்த்தியின் மகள் சங்கமித்தை. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் வெள்ளரசுக் கிளையோடு அவர் வந்திறங்கிய ஜம்புகோளத்துறை, யாழ்ப்பாணத்து மாதகலை அடுத்த சம்பில்துறை என்பர். அநுராதபுரத்து அனுலா தேவியும் அவளுடைய தோழியரும் அவரிடம் துறவு பெற்றனர். அச்சங்கம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் தழைத்தது. கி.பி. 5ஆம் நூற்றாண்டில் இங்கிருந்து கப்பலேறிச் சென்ற பிக்குணிகளே சீனப் பெண்களுக்கு முறைப்படி துறவு கொடுத்தார்கள். பின்னர் சோழர் படையெடுப்பால் அநுராதபுரம் வீழ்ந்தது. 11ஆம் நூற்றாண்டோடு பிக்குணிச் சங்கம் இந்நாட்டில் அற்றுப்போயிற்று. ஒரு பெண்ணுக்குத் துறவு கொடுக்கப் பிக்குச் சங்கமும் பிக்குணிச் சங்கமும் ஆகிய இரண்டும் வேண்டும் என்பது விதி. ஒன்று அழிந்த பின் விளக்கேற்ற விளக்கு ஏது?

நீண்ட காலம் ஏற்றப்படவில்லை. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து பௌத்தம் தழுவிய கதரின் த அல்விஸ் அம்மையார், பர்மா சென்று பத்துச் சீலம் ஏற்றுத் திரும்பி, 1907இல் கண்டியில் பெண்களுக்கென ஓர் ஆராமத்தைத் தொடங்கினார். அப்போதைய தேசாதிபதியின் மனைவி பிளேக் சீமாட்டியின் பெயரால் அது வழங்கிற்று. அங்கிருந்து பரவியதே தசசில் மாதா வழக்கம். பிக்குணித் துறவு மீண்டும் கிடைக்க 1996ஆம் ஆண்டு டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அம்மாதம் சாரநாத்தில் கொரியப் பிக்குணிகளின் உதவியோடு இலங்கைப் பெண்கள் சிலர் துறவு பெற்றனர். 1998இல் தம்புள்ளையிலும் துறவுச் சடங்கு நடந்தது. சீனத்துக்கு நாம் கொடுத்தது அக்கரையிலிருந்து நம்மிடமே திரும்பி வந்தது என்று இதைப் போற்றுவோர் உண்டு. மல்வத்தை, அஸ்கிரிய மகாநாயக்க தேரர்கள் ஏற்கவில்லை. அறுந்த கயிற்றை வேறொரு மரபின் நூலால் முடிய முடியாது என்பது அத்தரப்பின் வாதம்.

இது அவர்களுடைய வீட்டு வழக்கு, நமக்கேன் என்று வாசகர் கேட்கலாம். வழக்கு நம் ஊவாவுக்கே வந்துவிட்டது. வெலிமட தம்மதின்னா என்ற பிக்குணி, தமது தேசிய அடையாள அட்டையில் 'பிக்குணி' என்று எழுத மறுத்ததை எதிர்த்து நீதிமன்றம் சென்றார். சட்டத்தின் முன் சமத்துவம் என்ற அடிப்படை உரிமை மீறப்பட்டதாக 2025இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. துறவுக்கு அட்டை எதற்கு என்று வேறு யாரும் கேட்கலாம். தோட்டத்து மக்கள் கேட்க மாட்டார்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்து, 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் பங்கு போடப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை இழுபட்டவர்கள் நாம். தான் யார் என்பதை இன்னொருவர் மேசையில் நிரூபிக்க நிற்பவரின் கால் வலி நமக்குத் தெரியும்.

"நம் திருச்சபையில் இப்படி இல்லை" என்று பெருமைப்பட வேண்டாம். வரலாறு வேறு சொல்கிறது. 1566இல் பாப்பரசர் 5ஆம் பத்திநாதர், துறவுப் பெண்கள் எல்லோரும் அடைப்புக்குள்ளேயே வாழ வேண்டும் என்று விதித்தார். தெருவில் இறங்கி ஏழைப் பெண்களுக்குக் கற்பிக்க விரும்பியவர்கள் துறவியர் என்ற பெயரை இழந்தார்கள். ஆங்கிலப் பெண்ணான மேரி வார்டு அடைப்பில்லாத சபை ஒன்றை அமைத்தார். 1631இல் அது கலைக்கப்பட்டது. அவரையே மியூனிக் நகர மடமொன்றில் சிறை வைத்தார்கள். பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 1900ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் வெளியிட்ட ஆணையால்தான், வெளியே ஊழியம் செய்யும் கன்னியர் சபைகள் முறையான துறவறமாக ஏற்கப்பட்டன. 1862இல் யாழ்ப்பாணம் வந்திறங்கிய திருக்குடும்பக் கன்னியர், பள்ளிக்கூடமும் அநாதைப் பிள்ளைகளுமாக உழைத்த முதல் 38 ஆண்டுகளும், சட்டத்தின் கண்டிப்பான பொருளில் துறவியர் அல்லர்! அவர்களிடம் படித்த பிள்ளைகள் இதைக் கேட்டால் சிரித்திருப்பார்கள்.

ஆகவே, "அவங்களும் சிஸ்டரா?" என்ற கேள்விக்கு வாழ்க்கை முறையைப் பார்த்தால் ஆம் என்றே சொல்லலாம். நம்பிக்கையைப் பார்த்தால் வேறுபாடு பெரிது. அதை மழுப்பக் கூடாது. நம் சகோதரி ஒருவரை நேசித்து, அவர் அழைத்ததற்காக வீட்டை விட்டவள். கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் ஆகிய வார்த்தைப்பாடுகளை இறைவனுக்குக் கொடுத்தவள். சில் மாதா படைத்தவரை நோக்கிப் போகவில்லை. ஆசையை அறுத்துத் துக்கத்திலிருந்து விடுபடும் வழியில் நடக்கிறார்.

இன்னொரு வேறுபாடு சோறு சம்பந்தமானது. அதை நாம் நினைப்பதே இல்லை. நம் கன்னியருக்குப் பின்னால் சபை நிற்கிறது. ஆசிரியையாகப் பெறும் சம்பளம் பொதுப் பணமாகிறது. நோயில் மருந்தும் முதுமையில் படுக்கையும் அதிலிருந்து வரும். சில் மாதாக்களில் பலருக்கு அப்படி ஒரு சபை இல்லை. உறவினர் கொடுத்த காணித்துண்டில் சிறு ஆராமம், கிராமத்தார் முறை வைத்துக் கொண்டு வரும் தானம், இவைதான் ஆதாரம். பெரிய தானங்கள் பிக்குமாரின் விகாரைக்கே போகும். மழைக்காலத்தில் பாதை சரிந்தால் அன்றைய தானமும் வராது. ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர் நாம்; ஏழ்மையை வாழ்பவர் யார் என்று சில வேளை எண்ணத் தோன்றுகிறது.

இவ்விரு வழிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்த இடம் நம் மறைமாவட்டத்திலேயே உண்டு. 1972இல் பதுளை மறைமாவட்டம் அமைந்தபோது முதல் ஆயரான லியோ நாணாயக்கார ஆண்டகை, பௌத்தரிடையே நாம் எப்படி வாழ்வது என்ற கேள்வியை முன்வைத்தார். அமலமரித் தியாகிகள் சபைக் குரு மைக்கேல் ரொட்ரிகோ அதை வாழ்ந்து பார்க்கப் புறப்பட்டார். 1980இல் புத்தலவை அடுத்த பௌத்தக் கிராமமொன்றில் 'சுப செத் கெதர', அதாவது நல்வாழ்த்து இல்லம், தொடங்கியது. சல்வத்தோரியன் சபைச் சகோதரிகளும் அங்கே வாழ்ந்தார்கள். மதம் மாற்றும் நோக்கம் இல்லை. விவசாயிகளோடும் படிப்பை விட்ட இளைஞரோடும் உழைத்தார்கள். 1987 நவம்பர் 10ஆம் நாள் திருப்பலி வேளையில் அடிகளார் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வில்லத்தில் வாழ்ந்த அருட்சகோதரி மில்பேர்கா பெர்னாண்டோ, பின்னர் அவருடைய எழுத்துக்களைத் திரட்டும் பணியை மேற்கொண்டார்.

தோட்டத்துப் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மகள் கன்னியர் மடம் போக விரும்பினால், "செக்ரோலில் ஒரு பேர் குறையுமே" என்ற கணக்கு முதலில் எழுகிறது. வறுமையில் எழும் கணக்கு. அதைக் குற்றம் சொல்ல மாட்டோம். அடுத்த மலையிலுள்ள சிங்களக் குடியானவன் வீட்டிலும் இதே கணக்கு நடக்கிறது. புத்தரை வளர்த்த தாயாகிய மகாபஜாபதி கோதமியே மும்முறை கேட்டும் மறுக்கப்பட்டு, பின்னரே துறவு பெற்றார் என்பது அவர்களுடைய மறைநூல் வரலாறு.

நோய் விசாரிக்கவோ, மரண வீட்டுக்கோ சில் மாதா ஒருவர் உங்கள் லயத்துக்கு வந்தால் என்ன கொடுப்பது என்று தடுமாற வேண்டாம். சுத்தமான விரிப்புப் போட்ட நாற்காலி ஒன்று கொடுங்கள். நண்பகலுக்கு முன் என்றால் சோறும் கறியும் கொடுக்கலாம். பிற்பகல் என்றால் உணவு வேண்டாம். கையில் பணம் வைக்காதீர்கள். பால் கலவாத வெறுந்தேநீர் கொடுங்கள். கிலன்பச என்று அதை ஏற்றுக் கொள்வார்.